பத்தாவது குரல்

பின்னரூ
ஜூலை 2

அன்புள்ள திரு. ஷிர்மர் அவர்களுக்கு,

லிண்ட்சே இறந்தபோது நீங்கள் அனுப்பிய அனுதாப அட்டை கிடைத்தது. பதில் போட ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்த அட்டைகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன், நேற்றுதான் திறந்தேன். மற்றவர்கள் அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்து மட்டும் போட்டிருந்தார்கள். நீங்கள்தான் ஒரு பக்கம் எழுதி, அதில் மூன்று வரியை அடித்திருந்தீர்கள். அவ்வளவு மெனக்கெட்டதற்கு நன்றி.

நாம் பார்த்துக்கொண்டதில்லை. நான் கோரலி வென்னிங், லிண்ட்சேயின் மனைவி. இந்த ஊரில் முப்பத்தொரு வருஷம் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தேன். உங்களைத் தெரியாதே தவிர உங்கள் பெயர் நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் லிண்ட்சே ஷெட்டில் ரேடியோ மைக் முன்னால் உட்கார்ந்து, "டேய் கிரேம், கேக்குதா? தூங்கிட்டியாடா?" என்று கத்துவது என் சமையலறை வரை வரும். அவர் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பார், அதனால் நீங்கள் திருப்பி என்ன சொல்வீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பதிலுக்கு நன்றாகத் திட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் ரேடியோ சங்கத்துக்கு நீங்கள்தான் செயலாளர் என்பதால் ஒரு உதவி கேட்கிறேன். 

மே 18, ஞாயிறு. யரண்டா வனப் பூங்காவில் கூடாரம் போட்டிருந்தோம். காலை ஒன்பதேகாலுக்கு மேல் லிண்ட்சே விழுந்தார். என் போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. மடக்கு மேஜைமேல் அவருடைய ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை எடுத்து, பட்டனை அழுத்தி, தோன்றியதையெல்லாம் பேசினேன். பட்டனை விட்டபோது ஒரு ஆள் எரிச்சலாகப் பேசிக்கொண்டிருந்தது பாதியிலிருந்து கேட்டது: "...அழைப்புக்குறி இல்லாம யாரு நடுவுல வந்து பேசறது? வேற வேலை இல்லையா? எடத்தைக் காலி பண்ணுங்க." உரிமத்தோடு உங்களுக்கெல்லாம் தரும் அந்த எழுத்தும் எண்ணும் எனக்கு ஏது? அவ்வளவுதான். அதற்கப்புறம் வெறும் இரைச்சல். நான் பேசினேன், பேசினேன், யாரும் வரவில்லை. கடைசியில் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் பண்ணை வீட்டுக்குப் போனேன்.

அந்த ஆள் திட்டியது என்னையா, வேறு யாரையாவதா? என் குரல் வெளியே போனதா, இல்லையா? எனக்கு இது தெரிய வேண்டும். அந்த நேரத்தில் அங்கே இருந்தது யார் என்று உங்கள் சங்கத்தில் விசாரித்துச் சொல்ல முடியுமா? சண்டை பிடிக்க இல்லை. நான் ஒழுங்காக அழுத்தினேனா என்று மட்டும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு
கோரலி வென்னிங்


கபுண்டா
ஜூலை 15

அன்புள்ள திருமதி வென்னிங்,

உங்கள் கடிதம் வந்தது. லிண்ட்சே நல்ல நண்பன். இறுதிச் சடங்குக்கு நான் வராதது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். அந்த வாரம் எனக்குக் கடுமையான காய்ச்சல்.

நீங்கள் கேட்டது பற்றி. அன்று அலைகள் எங்கும் மோசமாக இருந்தன. சூரியனில் ஏதோ கொந்தளிப்பு. அனுபவசாலிகளுக்கே ஒருவரை ஒருவர் எட்டவில்லை. தவிர, மைக் பட்டனைக் கடைசிவரை உள்ளே அமுக்கினால்தான் குரல் வெளியே போகும். பாதி அமுக்கினால் பேசுவதுபோல் நமக்குத் தோன்றும், போகாது. ஏரியல் கம்பம் சாய்ந்திருந்தாலும் அதே கதைதான். அவர் விழுந்தபோது கம்பத்தை இறக்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

நீங்கள் கேட்ட அந்தப் பேச்சு வேறு யாருக்கோ சொன்னதாக இருக்கலாம். ஒரே இடத்தில் பலர் பேசுவது வழக்கம். உங்கள் குரல் வெளியே போயிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பயிற்சி இல்லாதவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகும்.

சங்கத்தில் விசாரிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள
கிரேம் ஷிர்மர்


பின்னரூ
ஜூலை 30

அன்புள்ள கிரேம்,

"திருமதி வென்னிங்" வேண்டாம், அது என் மாமியார். கோரலி என்றே எழுதுங்கள்.

தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. மற்றவர்கள் எல்லாம் "அதையெல்லாம் நினைக்காதே" என்கிறார்கள். என் மகள் ரொவீனா டார்வினிலிருந்து தினமும் போன் பண்ணி, "உனக்கு அந்தப் பொட்டியே தெரியாதேம்மா, நீ என்ன பண்ணுவே?" என்கிறாள். ஆறுதலுக்குத்தான் சொல்கிறாள். எனக்கு அது "நீ சரியாக அழுத்தவில்லை" என்றுதான் கேட்கிறது. நீங்கள் அதைக் காரண காரியத்தோடு எழுதிவிட்டீர்கள். ஆக, தப்பு என் கையில்தான் இருந்திருக்கிறது.

லிண்ட்சே எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார் தெரியுமா? "கோரி, ஒரு அஞ்சு நிமிஷம் இங்க உக்காரு. இந்தப் பட்டன், இந்தத் திருகு, அவ்வளவுதான். காட்டுல எனக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா உனக்கு உபயோகப்படும்" என்பார். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு நிம்மதி. ஆறிப்போகுது, டீயைக் குடி" என்பேன் நான். இருவரும் சிரிப்போம். பத்தொன்பது வருஷமும் அதே பதில்தான் சொன்னேன். உண்மையில் எனக்கு அந்தப் பெட்டிமேல் கோபம். பூங்கா பூங்காவாகக் கூட்டிக்கொண்டு போய், அருமையான இடத்தில் நாற்காலியைப் போட்டு, முகம் தெரியாத ஆட்களிடம் நம்பர் சொல்லிக்கொண்டிருப்பார். நான் கொரெல்லாப் பறவைகளிடம் பேசிக்கொண்டிருப்பேன். அந்தப் பட்டனைத் தொடக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதியது சரியில்லை. கம்பம் சாய்ந்திருக்கவில்லை. 

அன்று காலை கஞ்சி குடித்துவிட்டுப் பெட்டியைக் கட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். அப்போது ரேடியோவில் யாரோ மெல்லிசாகக் கூப்பிடுவது கேட்டது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: "நம்ம பய ஒருத்தன் நேத்துலேருந்து மலை மேல உக்காந்திருக்கான். ஒன்பது பேர்தான் கிடைச்சிருக்காங்க. ஒன்பதரைக்குள்ள இன்னும் ஒருத்தர் வேணும், இல்லேன்னா வந்ததே வீண். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், அவனுக்கு எட்டல. கம்பத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிட்டு வந்து அவனுக்குக் கை குடுக்கறேன்." உங்களுக்கெல்லாம் லண்டன் கணக்கில் காலை ஒன்பதரைக்கு நாள் முடிகிறதாமே, அதற்குள் பத்துப் பேரிடம் பேசினால்தான் அந்தப் பூங்கா சேருமாமே. எனக்குப் பாதி புரிந்தது, தலையாட்டினேன்.

எழுந்து போய், ஏரியலுக்குக் கம்பமாக வைத்திருந்த தூண்டில் கம்பை நிமிர்த்தினார். கயிற்றை இழுத்து மரத்தில் கட்டினார். கட்டி முடித்துவிட்டுத்தான் விழுந்தார். பிறகு வந்த போலீஸ்காரர் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்தார். 

அந்த "நம்ம பய" யார் என்று தெரியுமா? லிண்ட்சே பெயர் சொல்லவில்லை. அவருக்குப் பத்தாவது ஆள் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை. லிண்ட்சே கேட்டிருப்பார்.

உங்கள் போன் நம்பரைக் கொடுங்களேன். எழுதி எழுதிக் கை வலிக்கிறது, பேசினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

அன்புடன்
கோரலி


கபுண்டா
ஆகஸ்ட் 21

அன்புள்ள கோரலி,

தாமதத்துக்கு மன்னிக்கவும். போனில் பேசுவது எனக்குச் சிரமம், காது முன்போல் இல்லை. கடிதமே நல்லது.

சங்கத்தில் விசாரித்தேன். அன்று அந்த அலைவரிசையில் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. வேறு மாநிலத்துக்காரராக இருக்கலாம். இனிமேல் கண்டுபிடிப்பது கஷ்டம்.

லிண்ட்சே சொன்ன நண்பர் யார் என்றும் தெரியவில்லை.

இதைத் திரும்பத் திரும்ப நினைத்து உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டு மரத்து மேண்டரின் ஆரஞ்சு ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

கிரேம்


பின்னரூ
செப்டம்பர் 7

அன்புள்ள கிரேம்,

ஆரஞ்சு வந்தது. நல்ல இனிப்பு. பக்கத்து வீட்டுக்குப் பாதி கொடுத்தேன்.

நினைக்காதே என்கிறீர்கள். நான் நினைப்பதில்லை, செய்கிறேன். லிண்ட்சேயின் ரேடியோவை ஷெட்டிலிருந்து எடுத்து வந்து சமையலறை மேஜைமேல் வைத்திருக்கிறேன். கரண்ட் கொடுக்கவில்லை. காலையில் டோஸ்ட் தின்றதும் உட்கார்ந்து மைக்கைக் கையில் எடுத்து அழுத்திப் பார்ப்பேன். அன்றைக்கு எப்படிப் பிடித்தேன்? வலது கையா, இடது கையா? பெருவிரலா, ஆள்காட்டி விரலா? பாதி அமுக்கினேனா, முழுசா? நீங்கள் சொன்னீர்களே, பாதி அமுக்கினால் போகாது என்று. இந்த மைக்கில் எவ்வளவு பார்த்தும் பாதி என்று ஒன்று அகப்படவில்லை. தொட்டால் "டக்" என்று உள்ளே போய்விடுகிறது. ஆனாலும் அன்றைக்கு எப்படி அழுத்தினேனோ. நூறு தடவை அழுத்துவேன், நூறு தடவை விடுவேன். பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. பரவாயில்லை, யாருக்கும் முடி வெட்டப் போவதில்லை.

அந்தப் பக்கம் ஒருத்தரும் வராததால் ஒன்பது ஐம்பது வரைக்கும் அதையே அழுத்திக்கொண்டிருந்தேன், கிரேம். அப்போது அவருக்கு மூச்சு இருந்தது. ஒரு கையில் மைக், ஒரு கையில் அவர் சட்டைக் காலர். இந்தப் பெட்டியை நம்பாமல் உடனே காரை எடுத்திருந்தால் அரைமணி நேரம் மிச்சம். இல்லை, போகாமல் பக்கத்திலேயே இருந்திருந்தால் தனியாகவாவது போயிருக்க மாட்டார். இரண்டையும் கோட்டை விட்டேன். ஆம்புலன்ஸோடு திரும்பி வந்தபோது அவர் முகத்தில் எறும்பு.

இன்னொரு விஷயம். போன வாரம் உங்கள் சங்கத் தலைவர் டெஸ் போலார்டின் நம்பர் கிடைத்தது. அவரிடம் போனில் பேசினேன். செயலாளர் எல்லோரிடமும் விசாரித்தாரே, நன்றி என்றேன். "எங்ககிட்ட யாரும் எதுவும் கேக்கலையேம்மா" என்றார். நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று சொல்லி வைத்தேன்.

அக்டோபர் 12, காலர் ஊரில் உங்கள் சங்கத்தின் மதிய உணவுக் கூட்டமாமே. நானும் வரலாமா என்றேன், தாராளமாக என்றார். எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லட்டும். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். அந்த ஆளிடம் என் கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். 

அங்கே உங்களையும் பார்க்கலாம்.

கோரலி


கபுண்டா
செப்டம்பர் 11

கோரலி,

அந்த ஆள் நான்தான்.

இதை எழுத நான்கு மாதம் ஆகியிருக்கிறது. நீங்கள் காலருக்கு வருகிறேன் என்று எழுதாமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. சங்கத்தில் யாரையும் விசாரிக்கவில்லை. போனில் என் குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் நம்பர் தரவில்லை.

அன்று நான் பிளின்டர்ஸ் மலைப்பக்கம் ஒரு பூங்காவில் இருந்தேன். அது என் நூறாவது பூங்கா. சனிக்கிழமை மதியமே ஏரியலைக் கட்டிவிட்டேன். தொண்டை வறளக் கூப்பிட்டும் ஞாயிறு காலை வரை ஒன்பது பேர். லிண்ட்சே "நம்ம பய" என்று சொன்னது என்னை. அவன் அன்று வெளியே போயிருந்ததே எனக்குத் தெரியாது. உங்கள் இரண்டாவது கடிதத்தில் அதைப் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். எனக்குக் கை கொடுக்கத்தான் அவன் எழுந்து போய்க் கயிற்றை இழுத்திருக்கிறான். மூன்று வாரம் கழித்து, யார் என்று தெரியவில்லை என உங்களுக்கு எழுதினேன்.

ஒன்பதரை நெருங்கிக்கொண்டிருந்தபோது நான் கூப்பிட்ட இடத்தில் ஒரு பெண் குரல் வந்து விழுந்தது. அழைப்புக்குறி இல்லை. வார்த்தைகள் பிடிபடவில்லை. யாரோ உரிமம் இல்லாமல் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டதைச் சொன்னேன். பிறகு வேறு அலைவரிசைக்கு மாறிவிட்டேன். அதனால்தான் உங்களுக்கு இரைச்சல் மட்டும் கேட்டது. பெட்டி கெடவில்லை.

உங்கள் குரல் வெளியே போயிற்று. பட்டனில் பாதி என்று ஒன்றும் கிடையாது, அதை நான் இட்டுக்கட்டிச் சொன்னேன். நீங்கள் அந்த மைக்கை எடுத்து வைத்துவிட வேண்டும். தயவு செய்து இன்றே.

கிரேம் ஷிர்மர்


பின்னரூ
செப்டம்பர் 24

கிரேம்,

முப்பத்தொரு வருஷம் பெண்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்லியிருக்கிறார்கள். எந்த இடத்தில் நிறுத்துவார்கள், எதைத் தாண்டிக் குதிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்களும் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள்.

வார்த்தைகள் பிடிபடவில்லையா? நான் முடி உலர்த்தும் மெஷின் நடுவில் பேசிப் பழகியவள். கத்தினால் தெரு முனை வரை கேட்கும்.

மூன்று கேள்வி. என்ன கேட்டது? எத்தனை மணி? அதற்கப்புறம் என்ன செய்தீர்கள்?

அழகாக எழுத வேண்டாம்.

கோரலி


கபுண்டா
செப்டம்பர் 29

கோரலி,

"யாராவது இருக்கீங்களா, என் வீட்டுக்காரர் விழுந்துட்டாரு, மூச்சு..." அதுவரை கேட்டது. மெல்லிசாகக் கேட்டது, ஆனால் தெளிவாகக் கேட்டது. நான் அப்போதே திரும்பப் பேசத் தொடங்கிவிட்டதால் மூச்சுக்குப் பிறகு நீங்கள் சொன்னது தெரியாது.

ஒன்பது இருபத்தொன்று. கடிகாரம் முழங்காலருகே இருந்தது. அந்த மணி எனக்கு எப்படித் தெரியும் என்றால், இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கேட்டதும் புரிந்தது. புரியவில்லை என்று எனக்கே இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். புரிந்தது, அதற்கு அடுத்த கணமே, இது விளையாட்டாக இருக்கும் என்று ஒரு எண்ணத்தை நானே எடுத்துப் போர்த்திக்கொண்டேன். நிஜமாக இருந்தாலும் இந்த அலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், யாராவது எடுத்துக்கொள்வார்கள். என் ஒன்பது நிமிஷத்தை இது தின்றுவிடும். அழைப்புக்குறி இல்லை, இதைப் பத்தாவதாகச் சேர்க்கவும் முடியாது. இதெல்லாம் என் மனதில் வரிசையாக ஓடியது. எழுதும்போது நீளமாகத் தெரிகிறது. அன்று அது ஒரு மூச்சு நேரம்தான்.

அபயக் குரல் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும், பேசுவது யாராக இருந்தாலும். அதற்கு உரிமமும் வேண்டாம், குறியும் வேண்டாம். எங்கள் சங்கத்தின் கையேட்டில் அந்த வரியை எழுதிச் சேர்த்தவன் நான்.

அப்புறம் செய்தது. வேறு இடத்துக்கு மாறிக் கூப்பிட்டேன். ஒன்பது இருபத்தேழுக்கு மில்டூராவிலிருந்து ஒருவர் வந்தார். பத்து ஆயிற்று. அவர் வாழ்த்துச் சொன்னார், நான் சிரித்தேன். உங்களுடைய இடத்துக்குத் திரும்பிப் போய்க் கேட்கவில்லை. ஒரு திருகைத் திருப்பியிருந்தால் போதும். நீங்கள் அப்போதும் பேசிக்கொண்டிருந்தீர்கள், ஒன்பது ஐம்பது வரைக்கும். நான் தண்ணீர் கொதிக்க வைத்து டீ போட்டேன். மலைச்சரிவில் காலை வெயில் படர்வதைப் போட்டோ எடுத்து, நூறு ஆயிற்று என்று சங்கத்தாருக்கு அனுப்பினேன். என் போனில் சிக்னல் இருந்தது. முழுசாக நான்கு கோடு. அவசர உதவிக்குப் பூஜ்யத்தை மூன்று தடவை தட்டினால் போதும்.

செவ்வாய்க்கிழமை டெஸ் போன் பண்ணி லிண்ட்சே போய்விட்டான் என்றார். எங்கே என்றேன், யரண்டா என்றார். மனைவி ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தாளாம், பாவம், யாருக்கும் எட்டவில்லையாம் என்றார். நான், "அப்படியா?" என்றேன். அந்தச் சொல்லோடுதான் இது தொடங்கியது.

நூறாவது பூங்காவுக்கான சான்றிதழ் ஜூன் மாதம் வந்தது. பிரிக்காமல் வைத்திருந்து நேற்று திருப்பி அனுப்பிவிட்டேன். இதை உங்களிடம் நற்செயலாகச் சொல்லவில்லை. எனக்கு அதை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு ஜூலையில் எழுதியதை நினைத்தால்தான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது. மே மாதம் நடந்ததற்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. ஜூலையில் எனக்கு இரண்டு வாரம் இருந்தது. யோசித்து, தாளில் எழுதிப் பார்த்து, பழியை உங்கள் விரல்மேல் வைத்தேன்.

காலருக்கு வருவீர்களா என்று தெரியவில்லை. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் எழுந்து சொல்லிவிடுவேன்.

கிரேம்


பின்னரூ
அக்டோபர் 26

கிரேம்,

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலருக்கு வந்திருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். கதவோரம் உட்கார்ந்திருந்தேன். அன்று நீங்கள் எழுந்தவுடன் டெஸ் விசிறியை நிறுத்தச் சொன்னார், நினைவிருக்கிறதா? ஆட்டுக்கறி வேகும் வாசனை, எல்லோர் தட்டிலும் சாப்பாடு. நீங்கள் தாளைப் பார்க்காமல் பேசினீர்கள். "லிண்ட்சே வென்னிங்கோட மனைவி கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் அவங்களை வெரட்டிவிட்டேன். அஞ்சு மாசமா உங்க எல்லார்கிட்டயும் மறைச்சேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ரேடியோவில் கேட்ட அந்தக் குரல் பெரிய மனுஷன் குரலாக என் மனதில் இருந்தது. நேரில் அவ்வளவு இல்லை. கடைக்கு வரும் எந்தப் பெண்ணின் புருஷனும் இப்படித்தான் பேசுவார் என்று தோன்றியது.

ஒருவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். இன்னொருவர், "அந்த நிலைமையில நானும் அப்படித்தான் செஞ்சிருப்பேன், யார் கண்டா?" என்றார். அவர்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் அவரைப் பார்த்து, "வேணாம், அப்படிச் சொல்லாதீங்க" என்றீர்கள். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அப்போதே எழுந்து போயிருப்பேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எந்தக் கடிதத்திலும் நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும். பிழைத்திருப்பார் என்றும் சொல்ல முடியாது, மாட்டார் என்றும் சொல்ல முடியாது என்றார். அதை நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். நான் திருப்பித் தர மாட்டேன். ஆனால் நீங்கள் ஒரே ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால் நான் காரை எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டேன். உதவி வருகிறது என்று அவர் காதில் சொல்லியிருப்பேன். இதில் டாக்டரைக் கேட்க எதுவும் இல்லை.

மன்னித்தேனா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. சில நாள் காலையில் உங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மதியத்துக்குள் அது போய்விடுகிறது. லிண்ட்சே இருந்திருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் ஷெட்டுக்குப் போயிருப்பார். நான் அவர் இல்லை.

ரொவீனா நேற்று வந்தாள். கடிதங்கள் எல்லாவற்றையும் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு உங்களைப் பற்றி நிறையப் பேசினாள், அதை எழுத வேண்டாம். பேசி முடித்ததும் நான் சொன்னேன்: "அதை விடு. இதைக் கேளு. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, மலை மேல உக்காந்திருந்த ஒருத்தருக்கு நான் பேசினது கேட்டிருக்கு. வார்த்தை வார்த்தையா கேட்டிருக்கு. நான் சரியாத்தான்டி அழுத்தியிருக்கேன்."

அவள் என் கையை எடுத்து நகத்தைப் பார்த்தாள். கறுப்பு வளர்ந்து நுனிக்கு வந்துவிட்டது. கத்தரியை எடுத்து அவளே வெட்டிவிட்டாள்.

கோரலி வென்னிங்